திரும்பி வராத டிஸ்க்

லிஃப்டக்காவின் நாத்தனார் வாங்கிக்கொண்டு போன பொருள் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மடக்கு ஏணி போனது. மழையில் மாட்டிக்கொண்டேன் என்று குடை போனது. மழை நின்று இரண்டு கோடை கழிந்தும் குடை வரவில்லை. ஊருக்குப் போகக் கேட்ட நீலப் பெட்டி ஊருக்கெல்லாம் போய்விட்டு வந்தது, இங்கே மட்டும் வரவில்லை. கேட்டால் இல்லையென்று மறுக்கவும் மாட்டாள். "ஐயோ அண்ணி, மறந்தே போச்சு. நாளைக்கே கொண்டுவந்து தந்துடறேன்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்வாள். அந்த நாளை எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

இந்த வரிசையில் கடைசியாகப் போனது கறுப்பு ஹார்ட் டிஸ்க். மகளுடைய பள்ளி நாடக வீடியோக்கள் போனில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, அதில் ஏற்றிவிட்டு ஒரே வாரத்தில் தந்துவிடுகிறேன் என்றாள். லிஃப்டக்காவுக்குக் கொடுக்க மனமில்லை. ஆனால் கணவர் பக்கத்திலேயே நின்று, "என் தங்கச்சி வாயத் திறந்து கேக்கறா" என்று முகத்தைப் பார்த்தார். கொடுத்தாள். கொடுத்த கையோடு அதைத் தலைமுழுகியும் விட்டாள்.

லிஃப்டக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்மணிக்குப் பழைய லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது தொழில். புது லிஃப்ட் என்றால் கம்பெனி ஆள் வருவான், லேப்டாப்பைச் செருகுவான், போய்விடுவான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் மாட்டிய லிஃப்டுக்கு அதைச் செய்த கம்பெனியே இருக்காது. அப்போதுதான் இவளைத் தேடுவார்கள். மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமுக்குள் டார்ச்சோடு நுழைவாள். பீரோ அளவு கண்ட்ரோல் பேனலில் டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் ரிலே சுவிட்சுகளைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்பாள். பிறகு டேப்லெட்டைத் திறப்பாள்.

அந்த டேப்லெட்டில்தான் அவள் பிழைப்பே இருந்தது. இடிக்கப்போகும் கட்டடங்களில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வயரிங் படங்கள், எண்ணெய் படிந்த பராமரிப்புக் கையேடுகள், எதுவும் கிடைக்காத இடங்களில் அவளே குந்தி உட்கார்ந்து வரைந்த கதவுப் பூட்டுப் படங்கள். பன்னிரண்டு வருஷச் சேகரிப்பு. முதலில் எல்லாம் காகிதமாக அட்டைப் பெட்டிகளில்தான் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் சுவர் ஓதம் பாதிப் பெட்டிகளைத் தின்றுவிடவே, மிஞ்சியதைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஆவணங்களை அடுக்கி வைத்துத் தேடித் தரும் ஒரு மென்பொருளுக்குள் போட்டாள். பூஞ்சை பிடித்த காகிதத்தையெல்லாம் குப்பைக்கு அனுப்பினாள். அதன்பின் 'கதவு மூடவில்லை' என்று தட்டினால் போதும், எந்த லிஃப்டில் எந்த ஸ்க்ரூவைப் பார்க்க வேண்டும் என்று வந்து நிற்கும். ஒவ்வொரு ஆவணத்தின் தலைப்பிலும் முதலில் லிஃப்டை மாட்டிய வருஷம், அப்புறம் செய்தவர் பெயர், அப்புறம் கட்டடம். அது அவளே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் பின்னால் அவள் காலை வாரிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் நகல் இருந்த ஒரே டிஸ்க்கும் நாத்தனாரிடம் போனதிலிருந்து, எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கிறதே, டேப்லெட்டுக்கு அவ்வப்போது கையால் மாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். மென்பொருள் கம்பெனியில் வேலை. அக்கா வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு உலகத்துக்கே யோசனை சொல்வது பொழுதுபோக்கு.

"இந்தக் காலத்துல யாருக்கா டிஸ்க்கக் கட்டிக்கிட்டு அழறாங்க? சிங்க் பண்ணிடலாம். கம்ப்யூட்டர், டேப்லெட், உன் போன், மேல கிளவுட். ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் தானா மாறிடும்."

"ஒண்ணு கெட்டுப்போனா?"

"மிச்சம் மூணு இருக்குல்ல?"

"அப்ப பேக்கப்பே வேண்டாமா?"

"வேணும்க்கா, அது வேற இது வேற. அதையும் செஞ்சு தரேன். இன்னைக்கு சிங்க். பேக்கப் அடுத்த ஞாயித்துக்கிழமை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நண்பன் வீடு மாற்றும் வேலை வந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை. அப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நாத்தனாருடைய நாளையும் தம்பியுடைய ஞாயிறும் ஒரே கடையில் வாங்கியவை போலிருக்கிறது. ஆனால் லிஃப்டக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. மெஷின் ரூமில் டேப்லெட்டில் எழுதிய குறிப்பு, வீட்டுக்கு வருவதற்குள் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்திருந்தது. நாலு இடத்தில் இருக்கிறது, இனி எமனே வந்தாலும் எடுக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தாள்.

எமன் வரவில்லை. கணவர் வந்தார்.

அவர் மருந்துக்கடைக்காரர். தங்கமான மனிதர், அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் மாதக் கடைசி வந்தால் ஆளே மாறிவிடுவார். கடையில் ஒவ்வொரு தட்டாக இறக்கி, ஒவ்வொரு பெட்டியின் தேதியையும் படித்து, காலாவதியானதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியது கூடையில் கிடக்கக் கூடாது, அன்றைக்கே ஒழிந்துபோக வேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படி ஒரு மாதக் கடைசியில், கடைவேலை முடிந்த அதே சூட்டோடு, நகைச்சுவைக் காட்சிகளை இறக்கிப் பார்க்கலாம் என்று மனைவியின் டேப்லெட்டை எடுத்தார். இடம் போதவில்லை என்றது அது. எது இவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்தார். பார்த்தால், 1968 என்று ஒன்று. 1971 என்று ஒன்று. 1974, 1979. மனிதருக்குக் கை பரபரத்தது. பழையது ஒன்றுவிடாமல் அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். மனைவிக்கு ஓர் உபகாரம் செய்தோம், அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டார்.

நிஜமாகவே பழைய லிஃப்டுகள் எப்போதாவதுதான் நின்றன. அதனால் இரண்டு மாதம் போல அவளுக்கு எதுவும் தெரியாது.

இதற்கு நடுவில் கணவருடைய பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது ஒரு சின்ன ரகளை நடந்தது. நாத்தனார் யாரிடமோ ஒரு தையல் மெஷினை இரவல் கேட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்டக்காவால் நாக்கை அடக்க முடியவில்லை. "கொடுங்க, கொடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. அப்புறம் போட்டோலதான் பார்க்க முடியும்" என்றாள். கூடமே சிரித்தது. நாத்தனாரும் முதலில் சிரித்தாள், பிறகு முகம் சிவந்தது.

"அந்த டிஸ்க்குக்காகத்தான இவ்ளோ பேச்சு? இந்த வாரமே அதுல இருக்கறதெல்லாம் துப்புரவா அழிச்சு, புதுசு மாதிரி ஆக்கி, உங்க வாசல்ல கொண்டாந்து வெக்கறேன். வெக்கலேன்னா என்னன்னு கேளுங்க!"

"பார்க்கலாம்" என்றாள் லிஃப்டக்கா. சொன்ன பிறகு கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. நாத்தனார் கெட்டவள் இல்லை. இவளுக்குக் கை முறிந்து கிடந்தபோது தினமும் வந்து தலை வாரிவிட்டவள் அவள்தான். அந்தச் சீப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்பது வேறு விஷயம்.

அந்த வாரமே ஓர் ஒன்பது மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றது. உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, நல்லவேளை. ஆனால் முழங்கால் ஆபரேஷன் முடிந்து எட்டாவது மாடி வீட்டுக்குத் திரும்ப வேண்டிய ஒரு வாத்தியாரம்மா, கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, இன்னைக்கு என் கட்டில்ல படுப்பேனா?" என்று கேட்டார். "சாயங்காலத்துக்குள்ள படுப்பீங்க டீச்சர்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு லிஃப்டக்கா மேலே ஏறினாள்.

பேனலைத் திறந்ததும் தெரிந்தது, இது 1974. இந்த ரகம் நகரத்திலேயே இன்னும் இரண்டோ மூன்றோதான். படம் இல்லாமல் கை வைத்தால் மோட்டாரே போகும். டேப்லெட்டில் தேடினாள். இல்லை. தலைப்பைத் தப்பாகத் தட்டினோமோ என்று வருஷத்தைத் தட்டினாள். இல்லை. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். எண்பத்தைந்துக்கு முந்தைய ஒன்றுகூட இல்லை. போனில் பார்த்தாள், அதிலும் இல்லை. வீட்டுக்குப் பறந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதிலும் அதே வெறுமை. தம்பியை போனில் பிடித்தாள்.

"நாலுலயும் ஒரே மாதிரி போயிருக்கா?"

"ஒரே மாதிரி."

"அப்ப சிங்க் ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றான் அவன் யோசனையோடு.

"டேய், வாயில நல்லா வந்துடும். திரும்பி எடுக்க முடியுமா?"

"அழிச்சது ஒரு மாசம் வரைக்கும் கிளவுட்ல கிடக்கும். எப்ப அழிஞ்சது?"

எப்போது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குள் சாப்பிட வந்த கணவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே பேச்சைக் கேட்டார். "ஓ, அதுவா? அந்தக் காலாவதியானதெல்லாமா? நான்தான் எடுத்தேன். போன மாசத்துக்கு முந்தின மாசக் கடைசியில. இப்ப டேப்லெட்டு எவ்ளோ வேகமா ஓடுது, பார்த்தியா?"

லிஃப்டக்கா அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பு இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருஷம். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் தான் டார்ச்சு வைத்திருக்கும் ஒரு சாதாரண பொம்பளை என்று தோன்றியது. மனிதருக்கு அப்போதுதான் தான் செய்தது விளங்கியது. பேயறைந்தவர் போல நின்றார். "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு சொன்னியே..." என்றார் மெல்ல.

"எல்லாமே ஒண்ணுதாங்க. நாலு கண்ணாடி வெச்சுட்டு நாலு ஆளுன்னு நெனச்சுட்டேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். இந்த நாலிலும் சேராத ஒன்று உண்டு. எதோடும் ஒட்டாமல், எந்த ஒயரிலும் மாட்டாமல், ஒரு வருஷமாகத் திரும்பி வராமல் கிடப்பது.

"டிஸ்க்கு!" என்றாள். சொன்ன மறுகணம் இருவருக்கும் ஒன்றாகவே தூக்கிவாரிப்போட்டது. துப்புரவாக அழித்துப் புதுசு மாதிரி ஆக்குகிறேன் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாளே!

நாத்தனார் போனை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டாள், அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவள், பாட நேரத்தில் போன் பைக்குள் தூங்கும். கணவர் சாப்பாட்டை மறந்தார். ஏணியும் கயிறும் கடகடக்கும் மனைவியின் வேனை அவரே எடுத்தார். "எனக்கு வாய்ச்ச தங்கச்சி, இதுவரைக்கும் சொன்னத ஒருநாளும் செஞ்சதில்ல. இன்னைக்கும் செஞ்சிருக்க மாட்டா" என்று வழி முழுக்க ஜபம் போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பூங்காவைச் சுற்றிய தெருவில் அவர்கள் கண்ணில் பட்டது அந்தக் கார். மேலே பள்ளியின் பலகை, கீழே நடந்து போகிறவர்கள் முந்திப் போகும் வேகம். ஓட்டிக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். கணவர் பின்னால் போய் ஹாரனை அடித்தார். பல் டாக்டர் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் வைப்பரைப் போட்டார். கார் இரண்டு தடவை குதித்துவிட்டு நட்ட நடுத்தெருவில் நின்றது, மழையே இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

நாத்தனார் இறங்கினாள். மூக்குக்கு மேல் கோபம். "எவன்டா அது, எல் போர்டு போட்ட வண்டிய..." என்று ஆரம்பித்தவள், யாரென்று பார்த்ததும் முகம் வேறுமாதிரி ஆனது.

"டிஸ்க்கு எங்கம்மா?" என்றாள் லிஃப்டக்கா, மூச்சு வாங்க.

"அதுக்காக வண்டிய எடுத்துட்டு நடுத்தெருவுல துரத்திட்டு வருவீங்களா அண்ணி?"

"அது அப்புறம். அழிச்சிட்டியா? அதுல இருந்தத அழிச்சிட்டியா?"

நாத்தனார் தலையை நிமிர்த்தினாள். பின்னால் இரண்டு வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், பல் டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "அழிச்சிட்டேன். ஒண்ணுவிடாம. சொன்ன சொல்லக் காப்பாத்தறவதான் நானு."

லிஃப்டக்கா வேனின் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் மறுபடி நீர் முட்டிக்கொண்டு வந்தது. கணவர் தெருவிலேயே குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனார் பயந்துபோனாள். அண்ணி வாய் பேசிப் பார்த்திருக்கிறாள். அழுது பார்த்ததே இல்லை. "என்ன அண்ணி? என்ன ஆச்சு? ஏண்ணா, ஏன் அழறாங்க?"

அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பல் டாக்டருக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"அழிக்கல அண்ணி."

"என்ன?"

"எங்க அழிச்சேன்? சும்மா வீம்புக்குச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்துட்டேன், அப்புறம் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு... வீடியோவே இன்னும் ஏத்தல. வாங்கிட்டு வந்தேனே, அந்தத் துணிப் பையிலேருந்து வெளியவே எடுக்கல. ஒரு வருஷமா."

லிஃப்டக்கா அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். நடுத்தெருவில், அத்தனை ஹாரன்களுக்கு நடுவில். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததை நாத்தனாரே எதிர்பார்க்கவில்லை.

டிஸ்க் ஓட்டுநர் பள்ளி அலுவலகத்தில், மேசைக்கடியில் இருந்த நீலப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குள் குடையும் இருந்தது, சீப்பும் இருந்தது. மடக்கு ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. லிஃப்டக்கா எதையும் பார்க்காதது போல இருந்தாள். தம்பி போனில் கத்தினான்: "அக்கா, அவசரப்பட்டு அத சிங்க் ஆகற எதுலயும் செருகிடாத! முதல்ல சம்பந்தமே இல்லாத ஒரு கம்ப்யூட்டர்ல நகல் எடு." பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே செருகினாள். அட்டவணை மெல்ல விரிந்தது. 1968 வந்தது. 1971 வந்தது. 1974 வந்ததும் உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் அந்த ஒன்பது மாடி லிஃப்ட் ஒரு முனகலோடு புறப்பட்டது. தேய்ந்துபோன ஒரு ரிலேதான் காரணம். எது என்று தெரிந்த பிறகு அது சின்ன வேலை. வாத்தியாரம்மா நாற்காலியோடு மேலே போனார். கதவு மூடும்போது, "சொன்ன நேரத்துக்குச் செஞ்சுட்டியே, நல்ல பொண்ணு" என்று பாராட்டினார்.

எல்லாமே திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. புது லிஃப்டுகளின் ஆவணங்களை மருந்துக்கடைக்காரர் தொடவே இல்லை. பழையவை டிஸ்கில் இருந்தன. ஆனால் டிஸ்க் போன பிறகு சேர்த்த பழைய படங்கள், போனவை போனவைதான். அதில் ஒரு திரையரங்க லிஃப்டின் படம் அவள் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தது. அந்தக் கட்டடமும் இப்போது இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வலிக்கும். கணவர் அந்த வாரம் முழுக்கக் கேட்காமலே பாத்திரம் தேய்த்தார். டேப்லெட்டைக் கண்டால் இரண்டடி தள்ளி நடந்தார்.

வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை கடைசியில் வந்தது. தம்பி சோபாவில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினான். சிங்க் இருக்கட்டும், அது வசதிக்கு. வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து தினமும் தானாக நகல் எடுத்து, பழைய நகல்களையும் அழிக்காமல் வைத்துக்கொள்ள ஒரு டிஸ்க். அதுபோக, எதிலும் மாட்டாமல், வேறு இடத்தில் தனியாக இருக்கும் டிஸ்க் இரண்டு. மாதம் ஒரு தடவை ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்து வந்து புதுப்பிக்க வேண்டும்.

"வேற இடம்னா பேங்க் லாக்கர் மாதிரி ஏதாவது பார்க்கணும்க்கா. யாரும் தொடக் கூடாது, எடுத்துப் பார்க்கக் கூடாது, எங்கயும் மாட்டக் கூடாது. வெச்சது வெச்ச இடத்துல கெடக்கணும்."

அக்காவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஓர் இடம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அன்றைக்கு மத்தியானமே லிஃப்டக்கா ஒரு புது டிஸ்கைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் பையைப் பார்த்துவிட்டுச் சந்தேகமாக நின்றாள். "கிண்டல் பண்றீங்களா அண்ணி?"

"இல்லம்மா. நிஜமாத்தான் சொல்றேன். உன்ன நம்பித்தான் கொடுக்கறேன். அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி உன்னப் பேசினது தப்பு."

நாத்தனார் பையை வாங்கினாள். கண்ணை ஒரு தடவை தோளில் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் பையை வைத்தாள். கறுப்பு டிஸ்க்கும் அங்கேதான் இருந்தது; நகல் எடுத்த அன்றே அதையும் அவளிடமே விட்டுவிட்டு வந்திருந்தாள் லிஃப்டக்கா.

"சரி, அந்தக் கறுப்பு டிஸ்க்கக் கொடு. புதுசா எல்லாத்தையும் ஏத்திட்டு வரேன்."

நாத்தனார் டிஸ்கை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்ப திருப்பித் தருவீங்க?"

"அடுத்த மாசம்மா."

"அடுத்த மாசம்னா எந்தத் தேதி?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்து, டிஸ்கை ஒரு போட்டோ பிடித்தாள். "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. இரவல் வாங்கிட்டுப் போறவங்க சொல்ற தேதிய நான் நம்பறதில்ல."